நுனி வெட்டிய கையுறை

போன்ல பேசினத ஒட்டுக்கேட்டேன்னு நெனச்சிராத எம்மா. இந்த பஸ்ஸு போடுத சத்தத்துக்கு நீ கத்திப் பேசினாத்தான் அந்தப் பக்கம் கேக்கும். நீ கத்தினா இந்தப் பக்கமும் கேக்கத்தானே செய்யும்.

அப்பாவுக்கா முடியல? ரத்தத்த எடுத்துப் பாட்டில்ல ஊத்திக் கிருமி வளருதான்னு வச்சுப் பாத்தாங்களாம், கிருமி வளந்துட்டாம். ஆனா அது அப்பா ரத்தத்துலயே இருந்த கிருமியா, எடுக்கும்போது தோல்ல இருந்து ஒட்டிக்கிட்டு வந்த கிருமியான்னு தெரியலையாம். திரும்ப எடுக்கணுமாம். அதத்தானே ஒங்க அண்ணன் சொன்னான்? மாத்துத் துணி எடுக்கப் போறியாக்கும் ஊருக்கு. போயிட்டு வா, ஒண்ணும் ஆகாது.

ஆனா ஒண்ணு சொல்லுதேன். 'தோல் கிருமியா இருக்கலாம்'னு எவளாவது சொன்னா எனக்கு உச்சியில இருந்து உள்ளங்கால் வரைக்கும் எரியும். இப்ப நீ சொன்னதும் எரிஞ்சுது. அதான் வாயத் தொறந்தேன், இல்லன்னா நான் பாட்டுக்கு ஜன்னலப் பாத்துக்கிட்டு வந்திருப்பேன். தள்ளி உக்காரு, பைய மடியில வச்சுக்க. குரும்பூர் வரைக்கும் நானும் வாரேன், அங்க எறங்கி நாசரேத்துக்கு மாறணும்.

நான் நர்ஸு. பியூலா சிஸ்டர்னா பாளையங்கோட்டையில பாதிப் பேருக்குத் தெரியும். எந்த ஆஸ்பத்திரின்னு கேக்காத, உப்பத் தின்ன எடம், பேரு வேண்டாம். மூணாவது வார்டு முழுசும் என் பொறுப்பு. ரிட்டயர் ஆன பிறகும் ஆள் தேடி வாராங்கன்னா சும்மாவா? இந்த விரலுக்குத்தான் வாராங்க. பாரு, ஆள்காட்டி விரல். குண்டா இருக்குதவங்க, தண்ணி வத்திப்போன கிழவிங்க, டயாலிசிஸ் பண்ணிப் பண்ணிக் கை கல்லாப் போனவங்க, எல்லாரையும் நாலு பேரு குத்திப் பாத்துட்டுக் கடைசியில "பியூலா சிஸ்டரக் கூப்பிடு"ம்பாங்க. நான் கண்ணால தேடமாட்டேன். விரல வைப்பேன், நரம்பு தானா வந்து பேசும்.

கையக் குடு, காட்டுதேன். அட குடும்மா, ஊசியா வச்சிருக்கேன். இந்தா, இங்கதான். ஒனக்கு நல்ல நரம்பு, ஆனா உருண்டு ஓடுத நரம்பு. புதுசா வந்த பிள்ளைங்க குத்தினா நீலம் பாஞ்சிரும் ஒனக்கு. நான் குத்தினா எறும்பு கடிச்சாப்ல கூட இருக்காது. இத நான் சொல்லல, என் தம்பி ஆசீர் சொல்லுவான். "எக்கா, நீ குத்தினா எறும்பு கூடக் கோவிச்சுக்கிடும், இவ்வளவுதானான்னு"ம்பான். சொல்லிட்டுச் சிரிப்பான். அவன் சிரிப்பு... சரி, அவனுக்கு வாரேன்.

இந்தக் கையுறை இருக்கே, அதப் போட்டா நரம்பு தெரியாதும்மா. கம்பளிப் போர்வைக்குள்ள கையவிட்டுக் காசு தேடுத கதைதான். அதனால நான் என்ன செய்வேன், வலது கை கையுறையில ஆள்காட்டி விரல் நுனிய மட்டும் கத்திரியால வெட்டி விட்டிருவேன். மத்த விரலெல்லாம் உள்ள இருக்கும், இவன் மட்டும் வெளிய எட்டிப் பாப்பான். ஸ்பிரிட்டு போட்டு எடத்தத் தொடைப்பேன், காயவிடுவேன், ஊசிய எடுப்பேன். குத்துறதுக்கு முன்ன ஒரு தொடல். லேசா. நரம்பு அங்கனயே இருக்கா, நகந்துட்டான்னு ஒரு கடைசித் தொடல். ஒடனே ஊசி. தப்பவே தப்பாது. என் வார்டுல எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் எடுக்கும். கையுறைப் பெட்டி வந்ததும் மொத வேலையா கத்திரியத் தேடுங்க.

இப்படி நல்லாப் போய்க்கிட்டிருந்த எடத்துக்குத்தான் அந்தத் தாரணி வந்தா. டாக்டர் தாரணி. லேப்புல கிருமி பாக்குத டாக்டரு, ஈரோட்டுப் பக்கத்துப் பிள்ள. நேத்து மழைக்கு இன்னைக்கு மொளச்ச காளான். மத்த லேப் டாக்டருங்க மாதிரி மாடியிலயே மைக்ராஸ்கோப்பப் பாத்துக்கிட்டுக் கெடந்தா என்ன? கெடக்காது. எறங்கி எறங்கி வார்டுக்கு வரும். நாங்க ரத்தம் எடுக்குறத ஓரமா நின்னு பாக்கும். மாமியாக்காரி கூட அப்படிப் பாக்கமாட்டா.

ஒரு நாளு நான் எடுத்து முடிச்சதும் வந்து நின்னுச்சு. "தப்பா எடுத்துக்காதீங்க சிஸ்டர், தொடைச்சதுக்கப்புறம் அந்த எடத்தத் தொடக்கூடாதுங்க"ன்னுச்சு. ஏன்னேன். "நம்ம எல்லார் தோல்லயும் கிருமி இருக்குதுங்க. தொடைச்ச எடத்துல விரல வச்சா, விரல்ல இருக்கறது ஊசியோட உள்ள போய் பாட்டில்ல வளருது. அது நோயாளியோட ரத்தத்துல இருந்ததா, உங்க விரல்ல இருந்ததான்னு மேல உக்காந்துக்கிட்டு நான் எப்படிங்க கண்டுபிடிக்கறது?"

என் விரல்ல கிருமி. கேட்டியா? கோயில்ல திருவிருந்து அன்னைக்கு அப்பத்த வாங்குத கை இது. எத்தனை பேரு பொழச்சு எந்திரிச்சு வீட்டுக்குப் போகும்போது இந்தக் கையக் கண்ணுல ஒத்திக்கிட்டுப் போயிருக்காங்க. அதுல கிருமியாம். பக்கத்துல ரெண்டு டிரெயினிங் பிள்ளைங்க நிக்குதுங்க, அதுங்க முன்னால சொல்லுதா. "டாக்டர், இந்த அம்மாவுக்கு நரம்பே இல்ல, நீங்க ஒரு தடவ எடுத்துக் காட்டுங்களேன்"னேன். எடுத்துச்சு. முழுக் கையுறை போட்டுக்கிட்டு, தொடைச்ச பிறகு தொடாம. மொத குத்துல கெடைக்கல, ரெண்டாவது குத்துலதான் வந்துது. அந்தம்மா 'ஐயோ'ன்னுச்சு. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். அன்னைக்கே நான் அவளக் கணக்குல இருந்து எடுத்துட்டேன்.

அதோட விட்டாளா? ரெண்டு கையிலயும் குத்தணுங்குதா. அது சட்டந்தான், எனக்கும் தெரியும். ஒரு கையில எடுத்து ஒரு பாட்டில்ல, மத்த கையில தனியாக் குத்தி இன்னொரு பாட்டில்ல. ரெண்டுலயும் ஒரே கிருமி வளந்தா அது ரத்தத்துல இருக்குன்னு அர்த்தமாம். ஒண்ணுல மட்டும் வந்தா பெரும்பாலும் தோல்ல இருந்து வந்ததாம். சரி, புஸ்தகத்துல எழுதியாச்சு. காய்ச்சல்ல நடுங்கிக்கிட்டுக் கெடக்குத உசிரு புஸ்தகமா? நான் ஒரே குத்துல எடுத்து ரெண்டு பாட்டில்லயும் ஊத்திருவேன். பாட்டில் மேல ஒட்டுத சீட்டுல வலது கை ஒண்ணு, இடது கை ஒண்ணுன்னு எழுதிருவேன். ரெண்டு கையிலயும் ஓடுறது ஒரே ஆளோட ரத்தம்தானே எம்மா? ஒரு பாவப்பட்ட உசிர ரெண்டாவது தடவ குத்தாம விட்டா கர்த்தர் கோவிச்சுக்கிடுவாரா?

அப்புறம் மீட்டிங் போட்டா. எல்லா வார்டும் இருக்கு. செவத்துல படம் காட்டுதா, எந்தெந்த வார்டுல இருந்து தோல் கிருமி எவ்வளவு வருதுன்னு கோடு கோடா. மத்த வார்டெல்லாம் புல்லு மாதிரி இருக்கு, மூணாவது வார்டு மட்டும் பனைமரம் மாதிரி நிக்கு. பேரச் சொல்லல அவ. பேரச் சொல்லணுமாக்கும்? எல்லாக் கண்ணும் என் பக்கம் திரும்பிட்டு. அன்னைல இருந்து சின்ன டாக்டர் பயலுவ ஒரு பேரு வச்சானுவ. என் வார்டுல இருந்து எந்த ரிப்போர்ட்டுல தோல் கிருமின்னு வந்தாலும், "ஒண்ணுமில்ல, பியூலா கிருமி"ன்னுட்டுச் சிரிச்சுக்கிட்டே தூக்கிப் போட்டுருவானுவ. பியூலா கிருமி! என் அப்பா ஜெபம் பண்ணி வச்ச பேரு. கேட்டுக்கிட்டே கடந்து போவேன், கேக்காத மாதிரி. வீட்டுல போயி அழுவேன்.

இது செய்துங்கநல்லூரா? இன்னும் நேரம் கெடக்கு.

ஆசீருக்கு வாரேன். என் தம்பி. அம்மா சீக்கிரம் போயிட்டா, நான்தான் இடுப்புல தூக்கி வளத்தேன். நாசரேத்துல மோட்டார் சைக்கிள் ஒர்க் ஷாப் வச்சிருந்தான், கை எப்பவும் கரியாத்தான் இருக்கும். சின்னதுல வந்த மூட்டுக் காய்ச்சல்ல நெஞ்சுல வால்வு கெட்டுப் போயி, பொறவு ஆபரேசன் பண்ணி வேற வால்வு வச்சாங்க. நல்லாத்தான் இருந்தான். ஒரு நாள் அவன் பொண்டாட்டி சுகிர்தா போன் பண்ணுதா. "மைனி, அவியளுக்குச் சாயங்காலமானாக் குளிருது, வேர்க்குது, சோறு எறங்கல." நான் ஒடனே கூட்டிட்டு வான்னேன். வேற எங்க சேப்பேன்? என் வார்டுலதான். ஜன்னல் ஓரக் கட்டில் குடுத்தேன்.

வார்டு டாக்டரு, வால்வு வச்ச ஆளு, கிருமி இருக்கான்னு பாக்கணும்னு ரத்தம் எடுக்கச் சொன்னாரு. வேற யாரத் தொட விடுவேன் என் தம்பிய? நானே எடுத்தேன். கையுறை நுனிய வெட்டினேன், தொடைச்சேன், தொட்டேன், ஒரே குத்து. அவன் நரம்பு எனக்கு மனப்பாடம்மா. கண்ணக் கட்டிவிட்டாலும் எடுப்பேன். ரெண்டு பாட்டில்லயும் ஊத்தி மேல அனுப்பிட்டு, அவனுக்கு ஆர்லிக்ஸ் கலந்து குடுத்தேன்.

ரிப்போர்ட் வந்துது. ஒரு பாட்டில்ல கிருமி, ஒண்ணுல இல்ல. என்ன கிருமி? தோல் கிருமி. வார்டு டாக்டரு படிச்சுட்டு என்னைப் பாத்து லேசா ஒரு சிரிப்பு சிரிச்சாரு. வாய்விட்டுச் சொல்லல. ஆனா கிருமியக் கொல்ல டிரிப்புல ஓடிக்கிட்டிருந்த பெரிய மருந்த நிப்பாட்டச் சொல்லிட்டாரு.

தாரணி எறங்கி வந்தா. "ரெண்டு கையிலயும் தனித்தனியா எடுத்தீங்களா சிஸ்டர்?"னா. ஆமான்னேன். பின்ன என்ன சொல்ல? எல்லாருக்கும் அப்படித்தான் எழுதுதேன், இவனுக்கு மட்டும் வேற மாதிரியா எழுத? "தொட்டீங்களா?"ன்னா. நான் அவ கண்ணையே பாத்தேன். கண்ணத் தாழ்த்திக்கிட்டா. "சாதாரண ஆளுன்னா நான் விட்டுருவேன் சிஸ்டர். இவருக்கு வால்வு இருக்குதுங்க. வால்வு வச்சவங்களுக்கு இந்தத் தோல் கிருமியே எமனா வந்து உக்காந்துக்கும். இன்னொரு தடவ எடுக்கணும். நானே வந்து எடுக்கறேன், உங்களுக்குச் சிரமம் வேண்டாம்"னா.

எப்படிக் குத்திக் காட்டுதா பாத்தியா? என் வார்டுல, என் கூடப்பொறந்தவனுக்கு, நான் நிக்கும்போது அவ எடுக்காளாம். எனக்குச் சிரமம் வேண்டாமாம். அவ எடுக்குற லட்சணம்தான் தெரியுமே, ரெண்டு மூணு தடவ குத்துவா. "என் தம்பிய எப்படிப் பாக்கணும்னு எனக்குத் தெரியும் டாக்டர்"னு சொல்லி அனுப்பிட்டேன். நானே திரும்ப எடுத்தேன். அவன் கையெல்லாம் டிரிப் போட்டுப் போட்டு வீங்கிக் கெடந்துது. இன்னொரு கையில வேற குத்தவா? ஒரே குத்துலதான் எடுத்தேன்.

இந்தத் தடவ ரெண்டு பாட்டில்லயும் வந்துட்டு. ஆனா ஒண்ணுல ஒரு கிருமி, மத்ததுல வேற ஒண்ணு. ரெண்டும் தோல் கிருமி. தாரணி பேப்பரக் கையில வச்சுக்கிட்டு முழிக்கா. "ஒண்ணு போன தடவ வந்த மாதிரியே இருக்குதுங்க. இன்னொண்ணு புதுசு. ரெண்டு கையில ரெண்டு வேற கிருமின்னா அது தோல்ல இருந்து வந்ததுன்னுதான் சொல்லணும். ஆனா எனக்கு மனசே ஒத்துக்கலைங்க சிஸ்டர். ஒரே ஒரு தடவ, என்னைய எடுக்க விடுங்க." கெஞ்சுதா. வார்டு டாக்டர் பின்னாலயே நிக்காரு, "விடுங்க தாரணி, மூணாவது வார்டுதானே"ங்காரு. நெஞ்சு ஸ்கேன்லயும் ஒண்ணும் தெளிவாத் தெரியல. காய்ச்சலும் அன்னைக்குக் கொஞ்சம் கொறஞ்சிருந்துது.

ஆசீர் என்னைப் பாத்தான். "எக்கா, அந்த டாக்டரம்மா இவ்வளவு கேக்காங்கள்லா, ஒரு தடவ குத்திட்டுப் போகட்டும்க்கா. வலிச்சா வலிக்குது"ன்னான். அவனுக்கு யார் மனசும் நோகக்கூடாது, சின்னதுல இருந்தே அப்படித்தான். நான்தான் வேண்டாம்னுட்டேன். "எத்தன தடவடா ஒன்னைக் குத்த விடுவேன், நீ என்ன ஊசி குத்திப் பழகுத தலகாணியா?"ன்னேன். பாசம்மா. வேற என்ன? வீட்டுக்கு எழுதிக் குடுக்கச் சொல்லிக் கூட்டிட்டுப் போயிட்டேன். தாரணி மாடிப்படியிலயே நின்னு பாத்துக்கிட்டிருந்தா.

பொறவு என்ன. காய்ச்சல் வந்து வந்து போச்சு. மாத்திரை குடுப்பேன், கொறையும். ஒரு நாள் ஒர்க் ஷாப்புல வண்டியக் கழட்டிக்கிட்டு இருக்கும்போதே கையில இருந்து ஸ்பேனர் விழுந்துது, வாய் ஒரு பக்கமா இழுத்துட்டு. மதுரைக்குக் கொண்டு ஓடினோம். வால்வு பூராவும் கிருமி கூடு கட்டி, அதுல ஒரு துண்டு பிச்சுக்கிட்டு மூளைக்குப் போயிருக்குன்னாங்க.

அங்க ரத்தம் எடுக்க ஒரு பய வந்தான், மீசை கூட ஒழுங்கா வரல. கையுறைய முழுசா மாட்டிக்கிட்டு, தொடைச்சு, காயவிட்டு, அதுக்குப் பொறவு தொடவே மாட்டேங்குதான். கண்ணால பாத்தே குத்துதான். கெடைக்கலன்னா எடுத்துட்டு வேற எடம், திரும்பத் தொடைச்சு, திரும்பக் காயவிட்டு. வலது கை, இடது கை, அப்புறம் இன்னொரு எடம். ஒவ்வொண்ணுக்கும் தனிக் குத்து. ஆசீர் நெளியுதான், பேச வரல அவனுக்கு. நான் "தள்ளுப்பா, நான் எடுக்கேன்"னேன். "வெளியாளு தொடக்கூடாதும்மா"ன்னான் அந்தப் பய. வெளியாளு! நான்!

எல்லாப் பாட்டில்லயும் வந்துது. ஒரே கிருமி. அதே கிருமி. எங்க ஆஸ்பத்திரியில மொத தடவ வந்துதே, அதே தோல் கிருமி.

புரியுதா ஒனக்கு? அங்க என் கை படவே இல்ல. என் விரல் அந்தப் பக்கமே போகல. அப்பவும் அதே கிருமி. அப்ப என் கையில எங்க இருக்கு கிருமி? மொதல்ல வந்தது நெசக் கிருமி, அவன் ரத்தத்துல இருந்த கிருமி! நான் எடுத்தது சரியான ரத்தம்! பியூலா கிருமியாம், பியூலா கிருமி. அந்தப் பேப்பரக் கையில வாங்கினதும் எனக்கு, இதச் சொன்னா நீ தப்பா நெனைக்கக் கூடாது, அவன் உள்ள அப்படிக் கெடக்கான், ஆனா எனக்கு நெஞ்சு நிமிந்துட்டு. ஒரு நிமிசம்தான். மதுரை டாக்டரு கேட்டாரு, "மொதல்லயே வளந்திருக்கேம்மா, ஏன் வைத்தியம் பண்ணாம விட்டாங்க?"ன்னு. "எங்க லேப்புல ஒருத்தி என் கையக் கொற சொல்லியே என் தம்பியக் கொன்னுட்டா சார்"னு சொன்னேன். அப்ப அவன் சாகல. அப்பவே அப்படிச் சொல்லிட்டேன். அந்த வாரத்துலயே போயிட்டான்.

இரு. தண்ணி குடிச்சுக்கிடுதேன்.

நாசரேத்துல வீட்டுல சனம் கூடியிருக்கு, அடக்கம் முடிஞ்சு வந்து உக்காந்திருக்கோம். தாரணி வாரா. பஸ்ஸப் புடிச்சு, ஒத்தையில. வந்து சுகிர்தா பக்கத்துல தரையில உக்காந்துட்டா. அப்புறம் சொல்லுதா, "மொதப் பாட்டில்லயே வந்துச்சுங்கக்கா. எங்கிட்ட வந்துச்சு. நான் நம்பாம விட்டுட்டேன்"னு. சொல்லிட்டு அழுதா, நல்லா அழுதா. கண்ணு கெட்ட பொறவு சூரிய நமஸ்காரம்.

சுகிர்தா கேட்டா, "ஏன் டாக்டரம்மா நம்பல?"

தாரணி நிமிந்து என்னைப் பாத்தா. என்னையத்தான் பாத்தா, எம்மா. வாயத் தொறந்தா, மூடிக்கிட்டா. தலையக் குனிஞ்சுக்கிட்டா. குத்தமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும்னு சும்மாவா சொன்னாங்க? அத்தனை சனத்துக்கு முன்னால அவ வாயாலயே ஒத்துக்கிட்டா. அதுல எனக்கு ஒரு ஆறுதல்.

ஆனா இந்தச் சுகிர்தா இருக்காளே. அவ தாரணியப் பாக்கல. என்னையப் பாத்துக் கேக்கா. "மைனி, ரெண்டு கையிலயுமா எடுத்திய? ரெண்டு தடவையும் அவியளுக்கு வலது கையில மட்டும்தானே பஞ்சு ஒட்டியிருந்துச்சு?"

என்ன கேள்வி அது? தாலிய எழந்துட்டு உக்காந்திருக்கா, கேக்குத கேள்வியப் பாத்தியா? பஞ்சு. எவளாவது பஞ்சப் பாப்பாளா? நான் சொன்னேன், "அவனுக்கு வலிக்கக் கூடாதுன்னு செஞ்சேன்டி"ன்னு. நெசத்தத்தானே சொன்னேன்? அந்தத் தாரணி அழுகைய நிப்பாட்டிட்டு என்னைப் பாத்த பார்வை இருக்கே. ஒடனே எந்திரிச்சுப் போயிட்டா. கொஞ்ச நாள்ல வேலைய விட்டுட்டு ஊருக்கே போயிட்டான்னு சொன்னாங்க. போகட்டும்.

சுகிர்தா அன்னையோட எங்கூடப் பேச்ச நிப்பாட்டிட்டா. ஏன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குப் புரியல. நான் என்ன செஞ்சேன்? அந்தக் குடும்பத்துக்கு என்னதான் செய்யல? போன் பண்ணினா பிள்ளைங்க எடுத்து, "அம்மா குளிக்காங்க அத்தை"ம்பாங்க. எந்நேரமும் குளிப்பாளாக்கும் ஒருத்தி? இன்னைக்கு அவனுக்கு வருச ஜெபம். ஜெபம் பண்ண சர்ச் அய்யருக்குச் சொல்லியிருக்கா, அக்கம்பக்கத்துக்கெல்லாம் சொல்லியிருக்கா, எனக்குச் சொல்லல. சொல்லாட்டா என்ன, நான் போவேன். பிள்ளைகளுக்கு அல்வா வாங்கியிருக்கேன், இந்தா பை. வாசல்ல நிறுத்தினா வாசல்லயே நின்னு ஜெபத்துல கலந்துட்டு வருவேன். என் தம்பி அவன். நான் வளத்த பிள்ள.

தென்திருப்பேரை தாண்டிட்டா? அடுத்தது குரும்பூருதான். நான் ஒரு மடச்சி, என் கதையே பேசிக்கிட்டு வந்துட்டேன். அப்பா எந்த ஆஸ்பத்திரியில இருக்காங்கன்னு கேக்கவே இல்ல பாரு.

எங்க? ஜங்ஷன் பக்கத்துல, பாலத்துக்குக் கீழயா? அந்த பச்சை பெயிண்ட் அடிச்ச கட்டடமா? அட என் தாயே! அங்க நம்ம இசக்கியில்லா இருக்கா! கறுப்பா, லெச்சணமா, மூக்குல ரெண்டு பக்கமும் மூக்குத்தி போட்டிருப்பா. பாத்தியா, பாத்திருக்கியா? அவளா அப்பாவுக்கு ரத்தம் எடுத்தா? பாரேன்! என்கிட்ட கை பழகின பிள்ள. எங்க வார்டுல இருந்து அங்க மாறிப் போனவ. அவ எடுக்கும்போது கையுறையில ஆள்காட்டி விரல் மட்டும் வெளிய தெரிஞ்சுதா?

தெரிஞ்சுதுல்ல? அது என் வளப்பு!

இனி ஒனக்குக் கவலையே வேண்டாம் எம்மா. திரும்ப எடுக்கணும்னாங்கள்லா, வேற எவளையும் விடாதிய. இசக்கியையே எடுக்கச் சொல்லு. தொடைச்ச பொறவும், கையக் குடு, இந்தா இப்படி ஒரு தடவ தொட்டுப் பாத்துட்டுத்தான் குத்துவா, தப்பாது. ரெண்டு கையிலயும் குத்தமாட்டா. ஒரே குத்துல எடுத்து ரெண்டு பாட்டில்லயும் ஊத்திருவா, அப்பாவுக்கு வலியே தெரியாது. மேல இருந்து எவளாவது லேப்காரி எறங்கி வந்து நான் எடுக்கேன்னு நின்னா, கிட்ட விடாதிய.

ஏன் கைய இழுத்துக்கிட்ட? அமுக்கிட்டேனா? வலிக்கக் கூடாதே, லேசாத்தானே வச்சிருந்தேன்.

குரும்பூர் வந்துட்டு. கண்டக்டர், ஆளு எறங்குது, விசில் அடிச்சிராதிய! வாரேன் எம்மா. யாருக்குப் போன் போடுத, அண்ணனுக்கா? இசக்கி இப்ப எடுக்க வந்திருவாளான்னு கேக்கியா? ஆமா ஆமா, காலையிலயே வந்திருவா, அவ சுறுசுறுப்பு. அதுக்கேன் இவ்வளவு அவசரம் ஒனக்கு? நிதானமாப் பேசு. பியூலா சிஸ்டரப் பஸ்ஸுல பாத்தேன்னு இசக்கிகிட்ட சொல்லச் சொல்லு, அவ பூரிச்சுப் போவா.

என் பேரச் சொல்ல மறந்திராத.